168 சட்டகங்கள்

12 நிமிடக் குறும்படத்தை 5 நிமிடமாகச் சுருக்குவதற்காக, இன்று காலை முதல் கணினியின் முன்னால் அமர்ந்திருக்கிறேன்.

திரைப்பட இயக்கத்தில் முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். அதனுடன் அனுப்பும் படத்தை 5 நிமிடத்துக்கு மேல் ஒரு நொடிகூடப் பார்க்க மாட்டார்களாம்.

வசனங்கள் எளிதில் போயின. பின்னணி இசைக்காக நான் வருந்தவே இல்லை.

ஆனால், விளக்கை அணைக்கப் போன தாத்தாவின் விரல் சுவிட்சைத் தொடாமல் அப்படியே நின்றுவிடும் அந்த ஒரு ஷாட்டை வெட்ட மட்டும் கை வரவில்லை. 7 நொடிகள், நொடிக்கு 24 வீதம் 168 சட்டகங்கள் (ஃபிரேம்கள்). அந்தத் தயக்கத்தை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. 'கட்' சொல்ல மறந்து நின்றதுதான் என் பங்கு.

விண்ணப்பத்திலோ, அனுப்பும் படத்தில் உங்கள் பங்கு என்ன என்று கேட்டுத் தனியாக ஒரு கட்டம் இருக்கிறது.

இந்தப் படிப்பு எனக்கு ஏன் என்று விளக்கி எழுதிய நோக்க அறிக்கையை எடுத்துப் படித்தேன். 'சிறு வயது முதலே சினிமா என் உயிர்' என்று தொடங்கியிருந்தது (விண்ணப்பிக்கும் பாதிப் பேர் இதையேதான் எழுதியிருப்பார்கள்). யாரைப் பற்றி, எதற்காக நான் படமெடுக்க வேண்டும் என்பதற்கு அந்த இரண்டு பக்கங்களில் ஒரு வரிகூட இல்லை. கேமராக்களின் பெயர்கள் மட்டும் தாராளமாக இருந்தன.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அந்த விரலிலிருந்து எழுதத் தொடங்கியிருக்கிறேன். மூன்று பரிந்துரைக் கடிதங்களில் ஒன்று இன்னும் வந்துசேரவில்லை.