மணியடிச்சான் பாறையில் அம்மா

தம்பிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால், புனித தேவசகாயம் உயிர்விட்ட காற்றாடிமலைக்கு வருகிறேன் என்று அம்மா நேர்ந்திருந்தாள். ஆண்டவர் கைவிடவில்லை, அவன் எழுந்து நடமாடுகிறான். அம்மாவின் முழங்கால்தான் பயணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது. கடைசியில், வலியோடு வலியாகப் போய்விடலாம் என்று கிளம்பிவிட்டாள்.

ஆரல்வாய்மொழியில் ஆடிக்காற்று ஆளையே தள்ளுகிறது. ஆட்டோக்காரர் அம்மாவின் ஊன்றுகோலைப் பார்த்ததுமே வாடகையை ஏற்றிவிட்டார். மெழுகுவத்தி விற்பவர்கள் முதலில் கையில் திணிக்கிறார்கள், பிறகுதான் விலை சொல்கிறார்கள். வாங்கி என்ன செய்ய? அந்தக் காற்றில் ஒன்றுகூட நின்று எரியவில்லை.

வியாகுல மாதா கோயிலில் மன்றாடிவிட்டு மலைப்பக்கம் நடந்தோம். அம்மா செபமாலையைப் பாதியில் நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கினாள். நட்டாலத்து நீலகண்ட பிள்ளையின் கதை எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்தே உண்டு. மாடுகள் செத்து, பயிர் அழிந்து நொந்துகிடந்தவருக்கு, குளச்சல் போரில் சிறைப்பட்டுத் திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான டிலனாய், விவிலியத்தில் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் கதையைச் சொன்னார். அங்கேதான் அவர் கண் திறந்தது. போன மாடு திரும்பி வரும் என்று யாரும் அவருக்கு வாக்குக் கொடுக்கவில்லை. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனார். அதற்குப் பிறகுதான் திருவிதாங்கூர் அரசின் கையில் விலங்கு, சாட்டையடி, எருமை மேல் பின்பக்கமாக உட்காரவைத்து ஊர்வலம் எல்லாம். 1752 ஜனவரி 14 அன்று இதே மலையில் சுட்டுக்கொன்றார்கள். அப்போது ஒரு பாறை உடைந்து விழுந்து மணிபோல ஒலித்ததாம்.

அந்த மணியடிச்சான் பாறையைச் சுற்றித்தான் கூட்டம். தட்டுவதும் வீடியோ எடுப்பதும், சரியாக விழவில்லையென்று மறுபடி தட்டுவதுமாக ஒரே இரைச்சல். கொஞ்சம் வழிவிடுங்கள் என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

“மக்களே, கையைப் பிடி” என்றாள் அம்மா. குனிந்து, உள்ளங்கையளவு கல் ஒன்றைப் பொறுக்கித் தட்டினாள். கணீரென்றது. அவள் மறுபடி தட்டவில்லை. ஊன்றுகோலை என்னிடம் தந்துவிட்டு இரண்டு கையையும் பாறையில் ஊன்றி, நெற்றியை அதன்மேல் சாய்த்தாள். காற்றில் முந்தானை படபடத்தது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அம்மா நகரவில்லை.

“தம்பி நடக்காம போயிருந்தாலும் நான் வந்திருப்பேன்யா. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. வீட்டுக்கடன், மகளின் படிப்பு என்று கேட்க வேண்டியதையெல்லாம் மனதில் வரிசைப்படுத்திக்கொண்டு வந்திருந்தேன். ஒன்றுகூட வாயில் வரவில்லை. இத்தனை வருடம் இந்தப் புனிதரிடம் எதையாவது கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறேன்; அன்றுதான் அவர் யாரென்று பார்த்தேன். எல்லாம் போன பிறகும் ஆண்டவரை விடாதவர். நன்றி ஆண்டவரே, நன்றி ஐயா. அதைத் தவிர வேறு செபம் எனக்கு வரவில்லை.

அங்கிருந்து கோட்டாறு சவேரியார் கோயிலுக்குப் போய் தேவசகாயம் ஐயாவின் கல்லறையையும் தொட்டு முத்திசெய்தோம். 2022 மே 15-இல் வத்திக்கானில் புனிதர் பட்டம் கொடுத்ததை டிவியில் பார்த்து அழுதவள் அம்மா; கல்லறையில் அவள் முகம் அப்படிச் சிரித்தது!

பஸ்ஸில் உட்கார்ந்ததும் அடுத்த நேர்ச்சையை ஆரம்பித்துவிட்டாள். தம்பிக்குப் பெண் அமைந்தால் ஜோடியாக நட்டாலத்துக்குக் கூட்டிப்போக வேண்டுமாம். ஆட்டோ வாடகையை மட்டும் இந்த முறை முதலிலேயே பேசிவிடச் சொல்கிறாள்.