ஒற்றைக் கண் அலையும் 1,800 ரூபாய் டாக்சியும்

முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். மொரீஷியஸின் லெ மோர்ன் கடற்கரையிலிருந்து கத்ர் போர்ன் ஊருக்குத் திரும்ப டாக்சிக்காரர் 1,800 ரூபாய் வாங்கிவிட்டார். மொரீஷியஸ் ரூபாய்தான், ஆனாலும்! காலையில் பஸ்ஸில் போனதற்கு நூறு ரூபாய்கூட ஆகவில்லை. பஸ்ஸைத் தவறவிட்டது என் தப்பு, அதற்காக இப்படியா? எண்ணிக் கொடுத்தபோது நோட்டிலிருந்த தமிழ் எண்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருந்தது.

பஸ்ஸைத் தவறவிட்டது அலையை வேடிக்கை பார்த்ததால். கரையோரம் தண்ணீர் குளம்போலக் கிடக்கிறது. கடலின் வேகத்தையெல்லாம் பவளத்திட்டு வாங்கிக்கொள்கிறது. அலை எழும்புவது வெகுதொலைவில், திட்டின் விளிம்பில். 'ஒன் ஐ' என்று பெயர். அங்கே பலகையில் மிதப்பவர்களுக்கு மலைப்பாறையில் கண்போல ஒரு துளை தெரியுமாம். விழுந்தால் அடியில் கத்தி கத்தியாகப் பவளம். எனக்கு நீச்சலே அரைகுறை. பலகை வாடகையைக் கேட்டதும் அந்த அரைகுறையும் மறந்துபோனது.

கரையில் உட்கார்ந்து, தங்கியிருந்த வீட்டு அக்கா கட்டிக் கொடுத்ததைப் பிரித்தேன். வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் சூடாறாத காத்தோ பிமா. நம் பருப்பு வடைதான், பெயரை மாற்றிக்கொண்டு ரொட்டிக்குள் குடிபுகுந்திருக்கிறது. இந்தப் பயணத்தின் சிறந்த சாப்பாடு இதுதான்; ஓட்டல்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

பின்னால் 556 மீட்டர் உயரத்துக்கு மலை செங்குத்தாக நிற்கிறது. தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடம். 1835 பிப்ரவரி 1 அன்று விடுதலைச் செய்தியோடு வந்தவர்களைப் பிடிக்க வந்த படை என்று நினைத்து, உச்சியிலிருந்து குதித்துவிட்டார்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நாட்டின் தேசிய மலர் இயற்கையாக வளர்வதும் இந்த மலையில் மட்டும்தான். கிரியோலில் அதற்குக் 'காதணி' என்று பெயர். ஏறிப் பார்க்கப் புறப்பட்டேன், பாதியில் மூச்சு வாங்கியது, இறங்கிவிட்டேன்.

இரவு டாக்சிக் கதையைச் சொல்லிப் புலம்பினேன். பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் அக்கா சிரிக்கவில்லை. “அந்த அடிமைகளுக்கு விடுதலை கிடைத்ததால்தான் தம்பி, கரும்பு வெட்ட நம் ஆட்களைக் கப்பல் கப்பலாக ஏற்றி வந்தார்கள். அந்த மலையைப் பார்த்தால் எனக்கு என் பாட்டன் ஞாபகம்தான் வரும்” என்றார். மூன்று மணி நேரம் அந்த மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான் அலையைப் பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரி 1 இங்கே பொது விடுமுறை. அன்று மறுபடி போக ஆசை. விடுமுறை நாளில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று அக்காவிடம் இப்போதே கேட்டு வைக்க வேண்டும்.