யானைக் காவலுக்கு ஒரு கருவி வாங்கிய கதை

மட்டக்களப்பின் போரதீவுப்பற்றில் எங்கள் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, யானை வராத பெரும்போகம் இல்லை. கதிர் முற்றும் நாட்களில் வாடி எனும் காவல் குடிலில் நான்கு பேர் விழித்திருப்போம். ரோச் லைற் வெளிச்சம் யானையைக் காட்டுவதற்குள் அது வரம்பைத் தாண்டிவிடும். வெப்பத்தைப் படமாகக் காட்டும் கருவி ஒன்று வாங்குவோம் என்று கமக்காரர் அமைப்பு முடிவெடுத்தது. செயலாளர் நான் என்பதால் பொறுப்பும் என்னிடமே வந்தது.

கனடாவிலிருந்து மச்சான் பணம் அனுப்பினார். அமெரிக்க விற்பனையாளர் ஒருவரிடம் வினாடிக்கு 30 படம் காட்டும் வகையைக் கேட்டேன். மறுநாளே இறுதிப் பாவனையாளர் படிவம் வந்தது. யார் பாவிப்பது, எங்கே, எதற்கு, வேறு எவருக்கும் கைமாற்றுவீர்களா? ‘எதற்கு’ என்ற கட்டத்தில் ‘இரவுக் கண்காணிப்பு’ என்று எழுதி அனுப்பினேன். விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது.

கோபம் வந்தது உண்மை. போர்க்காலத்தில் வாவிக்கு மேற்கே உள்ள எங்கள் படுவான்கரைக்கு யூரியாவும் பற்றரியும் கொண்டுபோகத் தடை இருந்தது. ஒருநாள் வாவியைக் கடக்கும் மண்முனைத் துறையில் சோதனை செய்த படையினர் அப்பாவின் வானொலிக்குள் இருந்த இரண்டு பற்றரிகளையும் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். வீடு வந்தவர் மூடியைத் திறந்து அந்த வெற்றுக் குழியை எங்களுக்குக் காட்டினார். படிவம் திரும்பிய அன்று எனக்கு அந்தக் குழிதான் ஞாபகம் வந்தது.

ஆனாலும் அறிந்துகொள்ள வேண்டும் என்று தேடிப் படித்தேன். ஆயுதங்களோடு, வீட்டுக்கும் உதவும், படைக்கும் உதவும் பொருட்களின் ஏற்றுமதியையும் கட்டுப்படுத்த வாசனார் உடன்படிக்கை என்ற பன்னாட்டு ஏற்பாடு 1996 முதல் இருக்கிறது. 42 நாடுகள் அதில் சேர்ந்துள்ளன. இந்தியா 2017இல் சேர்ந்தது, இலங்கை அதில் இல்லை. 2000ஆம் ஆண்டு ஜப்பான், பிள்ளைகள் விளையாடும் பிளேஸ்டேஷன் 2 கருவியைக்கூட இந்த வகைக் கட்டுப்பாட்டுக்குள் வைத்தது. யானையைக் காட்டும் கண்ணாடி இருட்டில் ஒளிந்திருக்கும் மனிதரையும் காட்டும். பங்கருக்குள் வளர்ந்த எனக்கு அந்தப் பயம் நியாயமாகவே பட்டது.

இரண்டாம் முறை உள்ளதை உள்ளபடி எழுதினேன்: எத்தனை ஏக்கர், வாடி எங்கே, யானை எந்தப் பக்கத்தால் இறங்கும், எந்த மாதங்கள். கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் கமநல சேவை நிலையத்தின் முத்திரையையும் மொழிபெயர்ப்போடு இணைத்தேன். கருவியையும் மாற்றினேன். குளிரூட்டி இல்லாத சாதாரணக் கருவி வினாடிக்கு 9 படமோ அதற்குக் குறைவாகவோ காட்டினால், அமெரிக்க விதிகளில் கடுமையான பிரிவிலிருந்து இறங்கிவிடும்; வேகமாக ஓடும் இலக்கைத் தொடர அது போதாது. யானைக்குத் தாராளமாகப் போதும்.

இடையில் மச்சான், தானே வாங்கிப் பயணப்பெட்டியில் கொண்டுவருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று மறித்தேன். பெட்டியில் கொண்டுவந்தாலும் அது ஏற்றுமதிதான்; மாட்டினால் அவருக்குத்தான் வழக்கு. இதே யோசனையில் இருப்பவர்கள் தயவுசெய்து அந்த வழிக்குப் போகாதீர்கள்.

அனுமதி வந்தது, பொதியும் வந்தது. முதல் இரவே கண்ணில் வைத்துப் பார்த்தேன். கரிய வயலுக்கு அப்பால் வெள்ளையாக ஒரு மேடு. காது அசைவது தொடர்ச்சியாகத் தெரியவில்லை. விட்டு விட்டு, கடதாசி மடிப்பதுபோல் தெரிந்தது. வயல்வெளியை மேற்பார்க்கும் வட்டை விதானையிடம் கொடுத்தேன். மூச்சை அடக்கிப் பார்த்தவர், “தம்பி, பின்னால் குட்டி ஒன்றும் நிற்கிறது” என்றார். வரம்புக்கு இன்னும் நல்ல தூரம் இருந்தது. யானைவெடியைக் கொளுத்தினோம்.