தங்கராஜ் யாருடைய கோலி?

நவம்பர் 24, 2024, ஞாயிறு

இந்தியக் கால்பந்து அணியின் கோலி, அதாவது கோல்கீப்பர், பீட்டர் தங்கராஜ் இறந்த நாள் இன்று. 2008-ல் பொகாரோவில் காலமானார். மதுரை அரசரடி ரயில்வே கிரவுண்டில் காலைப் பயிற்சி முடிந்ததும் பையன்களிடம் அவர் பெயரைச் சொன்னேன். பெனால்டிக்கு முன்னால் அர்ஜென்டினா கோலி எமிலியானோ மார்ட்டினெஸ் என்னென்ன சேட்டை செய்வார் என்று அப்படியே நடித்துக் காட்டுகிற பிள்ளைகள், தங்கராஜ் என்றதும் முழித்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால்தானே தெரியும்?

ஹைதராபாத்தில் பிறந்த தமிழர். பட்டாளத்தில் சேர்ந்து, நீலகிரி வெல்லிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டருக்காக ஆடியவர். முதலில் சென்டர் ஃபார்வர்டு, அப்புறம்தான் கோலி. அவர் காலத்தில் அந்த ரெஜிமென்ட் அணி 1955-லும் 1958-லும் டூரண்ட் கால்பந்துக் கோப்பையை வென்றது. 1958-ல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று பேர் வாங்கினார். மெல்போர்ன், ரோம் என இரண்டு ஒலிம்பிக் போனார். 1967-ல் அர்ஜுனா விருது. இவ்வளவையும் பையன்களிடம் சொன்னேன். ஒருவன் மட்டும், "சார், வீடியோ இருக்கா?" என்று கேட்டான். நாமெல்லாம் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஒன்றும் என்னிடம் இல்லை.

வீடியோ இல்லை. ஆனால் பார்த்த கண்கள் நாலு இருக்கின்றன. கிரவுண்டுக்குப் பக்கத்து டீக்கடையில் தினமும் காலை வந்து உட்காரும் இரண்டு பெரியவர்கள். அவர்கள் பேசுவதை இனி இங்கே எழுதி வைக்கப் போகிறேன்.

நவம்பர் 27, புதன்

ஒருவர் ஹவில்தார் ஐயா. உசிலம்பட்டிப் பக்கம். அறுபதுகளில் கல்கத்தா ஃபோர்ட் வில்லியத்தில் இருந்தவர். இன்னொருவர் கரக்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கல்கத்தா கால்பந்து கிளப்புகளில் முதலாமவர் ஈஸ்ட் பெங்கால் கட்சி. அடுத்தவர் மோகன் பகான். மதுரைக்குத் திரும்பி இத்தனை வருடம் ஆகியும் இரண்டு பேரும் கட்சி மாறவில்லை.

இன்றைக்குச் சண்டை தங்கராஜ் யாருக்குச் சொந்தம் என்பதில். அவர் கல்கத்தா போனதும் முதலில் ஆடியது முகமதன் ஸ்போர்ட்டிங்கில், 1960-லிருந்து. பிறகு 1963-ல் மோகன் பகான். 1965-ல் ஈஸ்ட் பெங்கால், 1971 வரைக்கும். மூன்று பெரிய கிளப்பிலும் ஆடிய ஆளை யார் பங்கு கேட்பது?

"63, 64, ரெண்டு வருசமும் கல்கத்தா லீக் எங்களுக்கு. டூரண்டும் எங்களுக்கு. கோலி நல்லா இல்லாம அது வருமாய்யா?" என்றார் ரயில்வே ஐயா.

"உங்க டீமுல சுனி கோஸ்வாமி இருந்தாரு, ஜர்னைல் சிங் இருந்தாரு. எவன் கோலியா நின்னாலும் ஜெயிச்சிருப்பீங்க. எங்ககிட்டத்தான் அதிக வருசம் இருந்தாரு. மனுசன் எங்கிட்டு நிலைச்சு நிக்கிறானோ அதுதான்யா அவன் வீடு" என்றார் ஹவில்தார் ஐயா.

என்னைக் கேட்டால் ஹவில்தார் ஐயா பக்கம்தான் சாய்வேன். 1966-ல் ஈஸ்ட் பெங்கால் லீக் வென்றது, 67-ல் டூரண்ட் வென்றது. முப்பது வயதைத் தாண்டிய ஒரு கோல்கீப்பரை நம்பி ஒரு கிளப் அத்தனை வருடம் வைத்திருந்தது சின்ன விஷயமில்லை. முகமதனுக்காகப் பேச எங்கள் டீக்கடையில் ஆள் இல்லை, அதுதான் குறை. அவரைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோனது அவர்கள்தான்.

இந்த சீசனில் மூன்று கிளப்பும் ஐ.எஸ்.எல். என்கிற இந்தியன் சூப்பர் லீக்கில் இருக்கின்றன. முகமதன் இந்த வருடம்தான் மேலே வந்தது. தங்கராஜின் மூன்று ஜெர்சியும் ஒரே லீக்கில் ஆடுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நவம்பர் 30, சனி

நேற்று ராத்திரி ஈஸ்ட் பெங்கால் நார்த் ஈஸ்ட் யுனைடெட்டை 1-0 என்று வென்றது. இந்த சீசன் ஐ.எஸ்.எல்.லில் அவர்களுக்கு முதல் வெற்றி. தொடர்ந்து ஆறு மேட்ச் தோற்று, முகமதனோடு ஒன்பது பேராக நின்று 0-0 என்று தப்பித்து, ஒருவழியாக ஜெயித்திருக்கிறார்கள்.

ஹவில்தார் ஐயா ஏழு மணிக்கே வந்துவிட்டார். "தம்பி, கரிமேடு மார்க்கெட்டுக்கு வண்டிய எடு" என்றார். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் கல்கத்தாவில் இலிஷ் மீன் வாங்குவார்கள், மோகன் பகான் ஜெயித்தால் இறால். அன்றைக்கு விலையும் ஏறிவிடுமாம். கரிமேட்டில் இலிஷுக்கு எங்கே போவது? இரண்டு கடையில் விசாரித்துவிட்டு, கெண்டையை எடுத்து, செவுளை விரித்துப் பார்த்து, பேரம் பேசாமல் வாங்கினார். பாதி மீனைத் தனிப் பையில் போட்டு ரயில்வே ஐயா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். அவரும் வாங்கிக்கொண்டார்.

டிசம்பர் 4, புதன்

இன்று ஜகார்த்தா கதை. 1962 ஆசிய விளையாட்டு. ரயில்வே ஐயா சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

முதல் மேட்சிலேயே தென் கொரியாவிடம் 0-2 தோல்வி. பிறகு தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0, அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2. தங்கராஜுக்குக் காய்ச்சல், அதனால் அரையிறுதியில் கோலி பிரத்யுத் பர்மன். இறுதிப் போட்டி செப்டம்பர் 4, எதிரே மறுபடியும் அதே தென் கொரியா. பயிற்சியாளர் ரஹீம், அரையிறுதி ஜெயித்துக் கொடுத்த கோலியை உட்கார வைத்துவிட்டு, காய்ச்சலில் கிடந்து எழுந்தவரை இறக்கினார். கொரியர்கள் தூக்கிப் போடுகிற பந்தைப் பிடிக்க உயரம் வேண்டும், தங்கராஜ் ஆறடிக்கு மேல்.

அரங்கம் முழுக்க இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல். இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா விடவில்லை, அதை இந்திய அதிகாரி ஒருவர் கேள்வி கேட்டதால் வந்த கோபம். அந்தச் சத்தத்தில் பி.கே. பானர்ஜி ஒரு கோல். தலையில் தையலோடு ஃபார்வர்டாக ஆடிய ஜர்னைல் சிங் ஒரு கோல். கொரியா கடைசியில் ஒன்று திருப்பியது. 2-1, தங்கம்.

"பேப்பர்ல கோல் போட்டவன் பேரு இருக்கும். கோல் விழாம காப்பாத்துனவன் பேரு எங்கய்யா இருக்கும்?" என்றார் ரயில்வே ஐயா.

நானும் கோல் போஸ்டுக்குக் கீழே நின்றவன்தான். அவர் சொன்னது உண்மை. பானர்ஜி போட்ட கோலுக்கு நிமிடம் முதற்கொண்டு கணக்கு இருக்கிறது. தங்கராஜ் கல்கத்தாவில் கழித்த பதினோரு வருடத்தில் எத்தனை பந்தைத் தடுத்தார், எத்தனை கார்னரை எட்டிப் பறித்தார் என்பதற்குக் கணக்கே கிடையாது. அதனால்தான் இந்தப் பெரியவர்கள் பேசும்போது நான் நோட்டை மூடுவதில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

திருக்கார்த்திகை. மழை. பயிற்சி இல்லை, பெரியவர்களும் வரவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

ஹவில்தார் ஐயா இன்று கிரவுண்டுக்குள்ளேயே வந்தார். ஈரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கள் சின்னக் கோலியைக் கூப்பிட்டார். "கையக் காட்டு." பையன் இரண்டு உள்ளங்கையையும் அகல விரித்தான். அவர் அவனுடைய கட்டைவிரல்களைப் பிடித்து ஒன்றோடொன்று ஒட்ட வைத்தார். "இந்தச் சந்துலதான் பந்து நழுவும். இத அடைச்சுப்புடு." அப்புறம் அவன் முழங்கையை லேசாக மடக்கிவிட்டார். "பந்து வரும்போது விறைச்சுக்கிட்டு நிக்காத. கொஞ்சம் பின்னால வாங்கு. தங்கராஜ் பிடிச்சா சத்தமே வராதுடா. ராம்பார்ட்டுல நின்னு பாத்திருக்கேன், பந்து கைக்குள்ள போனதே தெரியாது."

ராம்பார்ட் என்பது கல்கத்தா மைதானத்தில் கிரவுண்டுக்கு வெளியே இருக்கும் மண்மேடு. டிக்கெட் கிடைக்காதவர்கள் ஏறி நின்று பார்க்கிற இடம்.

நான் மெதுவாக உதைத்தேன். பையன் பிடித்தான், சத்தம் வந்தது. திரும்ப உதைத்தேன். விரல் ஒட்டி, முழங்கை வாங்கி, நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கும் வரைக்கும் ஐயா நகரவில்லை.

பொங்கலுக்கு நாங்கள் நடத்தும் ஏழு பேர் டோர்னமென்டில் சிறந்த கோல்கீப்பருக்குத் தங்கராஜ் பெயரில் ஒரு கோப்பை கொடுப்போம் என்று சொன்னேன். இரண்டு பேரும் அந்த இடத்திலேயே பணம் எடுத்தார்கள். உடனே ரிப்பன் நிறத்தில் சண்டை. சிவப்பும் மஞ்சளும் என்றார் ஹவில்தார் ஐயா. பச்சையும் மெரூனும் என்றார் ரயில்வே ஐயா. முகமதனின் கறுப்பு வெள்ளையையும் சேர்த்து மூன்றும் கட்டுவது என்று முடிவாகியிருக்கிறது. கோப்பையில் எந்த கிளப்பின் பெயரும் வராது. பீட்டர் தங்கராஜ், கோல்கீப்பர், இந்தியா என்று மட்டும் எழுதச் சொல்லி நாளை டவுன்ஹால் ரோட்டில் கொடுக்கப் போகிறேன்.