ஆர்எக்ஸ்-7க்குள் சில்வராடோ இன்ஜின்: ஐந்தாவது மாதம்

ஞாயிறு மாலை இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிட்டது. ரேடியேட்டர் இன்னும் மாட்டவில்லை என்பதால் இருபது விநாடியில் அணைத்துவிட்டேன். அந்த இருபது விநாடிக்காக ஐந்து மாதமாகச் சனி ஞாயிறெல்லாம் கராஜில்தான்.

வண்டி 1988 மாஸ்டா ஆர்எக்ஸ்-7. அதில் வந்தது 1308 சிசி ரோட்டரி இன்ஜின். பிஸ்டன் கிடையாது, முக்கோண ரோட்டர் இரண்டு சுழலும். நான் வாங்கும்போதே ரோட்டர் முனையில் கசிவைத் தடுக்கும் அபெக்ஸ் சீல் தேய்ந்து கம்ப்ரஷன் (உள்ளே காற்றை அழுத்தும் திறன்) போயிருந்தது. அதைப் பிரித்துக் கட்ட ஆகும் செலவைவிடக் குறைவாக, இங்கே டெக்சாஸில் காயலான் கடையில் செவர்லே சில்வராடோ ட்ரக்கின் 5.3 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர் இன்ஜின்) கிடைத்தது. 2002 மாடல், 285 குதிரைத்திறன். ட்ரக் என்று இங்கே சொல்வது பிக்கப்பைத்தான், நம்ம ஊர் லாரியை அல்ல. இந்த எல்எம்7 இன்ஜினும் அப்போதைய கமாரோ, கார்வெட் கார்களில் வந்த எல்எஸ்1 இன்ஜினும் ஒரே குடும்பம். அதனால் அந்தக் கார்களின் உதிரிபாகம் பலவும் இதில் அப்படியே பொருந்தும்.

எல்எஸ்1 பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் உடல்) அலுமினியம், இது இரும்பு, கனம் அதிகம். ரோட்டரி சின்னது, தாழ்வாகப் பின்தள்ளி உட்கார்ந்திருக்கும். வளைவில் இந்தக் கார் அவ்வளவு இனிமையாகத் திரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம். அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை. எனவே வி8ஐ ஃபயர்வாலுக்கு (இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகடு) எவ்வளவு நெருக்கமாகத் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளினேன். ஸ்பார்க் பிளக் கழற்றக் கை நுழைந்தால் போதும் என்று வைத்துக்கொண்டேன்.

உயரம்தான் பெரிய தலைவலி. ட்ரக்கின் ஆயில் சம்ப் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி), காரின் அடிமட்டத்துக்குக் கீழே மூன்று விரல்கடை தொங்கியது. ஒரு வேகத்தடை போதும் உடைவதற்கு. கமாரோவின் ஆழம் குறைந்த சம்ப்பை மாற்றினேன். மேலே, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் ட்ரக்கின் இன்டேக் மேனிஃபோல்டு மேடாக நின்றது. அதன்மேல் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை உருண்டை உருண்டையாக ஒட்டி, பானெட்டை மெதுவாக இறக்கிப் பார்த்தேன். எல்லா உருண்டையும் அப்பளமாகிவிட்டது. கமாரோ மேனிஃபோல்டு வைத்த பிறகு மிகத் தட்டையான இடத்திலும் சுண்டுவிரல் கனத்துக்குக் களிமண் மிச்சம் இருந்தது. பானெட்டை வெட்ட வேண்டியதில்லை!

மேனிஃபோல்டைக் கழற்றினால் அதன் அடியில் இருக்கும் இரண்டு நாக் சென்சாரையும் (இன்ஜின் தட்டும் அதிர்வை உணர்பவை) பார்த்துவிடுங்கள். மேலிருந்து தண்ணீர் இறங்கித் துருப்பிடிக்கும் இடம் அது. என்னுடையதில் பின்னால் இருந்தது துருப்பிடித்து, தொட்டதும் உதிர்ந்தது. வயரிங் பற்றித் தனியாக எழுதுகிறேன். இப்போதைக்கு, ட்ரக் கம்ப்யூட்டரில் இருக்கும் திருட்டுத் தடுப்புப் பூட்டை நீக்காமல் இன்ஜின் ஓடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சனிக்கிழமை ஸ்பார்க் பிளக் எட்டையும் கழற்றிவிட்டு, பெட்ரோல் பம்ப் ஃபியூஸையும் எடுத்துவிட்டு, ஆயில் ஏற ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றினோம். உதவிக்கு வந்த தம்பி சாவியைப் பிடித்தபடி ஆயில் பிரஷர் மீட்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பத்துப் பத்து விநாடியாக ஆறு தடவை.

“அண்ணே, முள் அசையவே இல்லண்ணே.”

வயிறு கலங்கிவிட்டது. மீண்டும் கிரேனில் தூக்கி, சம்ப்பை இறக்கினேன். ஆயில் உறிஞ்சும் குழாய் பம்ப்பில் நுழையும் இடத்தில் கசிவைத் தடுக்க ஒரு ஓ-ரிங் (ரப்பர் வளையம்) உண்டு. குழாயைப் பிடிக்க ஒரே ஒரு போல்ட், அதுவும் ஒரு பக்கத்தில். முறுக்கும்போது குழாய் சாய்ந்து ஓ-ரிங்கை நறுக்கிவிட்டிருந்தது. பிறை நகம் போல ஒரு துண்டு தனியாக வந்தது. அந்த இடைவெளியில் பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றைத்தான் இழுத்திருக்கிறது. புது ஓ-ரிங்குக்கு ஆயில் தடவி, குழாயைக் கையால் நேராக அழுத்தி முழுக்க உட்கார்ந்த பிறகே போல்ட்டைத் தொட்டேன்.

ஞாயிறு மூன்றாவது சுற்றில் முள் எழுந்து 40 பிஎஸ்ஐயில் நின்றது. தம்பி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அப்புறம் பிளக் மாட்டி, ஃபியூஸ் போட்டு, சாவியை நானே திருகினேன்.

அடுத்து ரேடியேட்டர். அது முடிந்ததும் காரை நான்கு சக்கரத்திலும் நிறுத்தி, கியர்பாக்ஸ் முனையிலிருந்து பின் சக்கரங்களுக்கு நடுவிலுள்ள டிஃபரென்ஷியல் வரை சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டுக்கு அளவெடுக்க வேண்டும்.