டைல் இடுக்கில் பிதுங்கிய பசை: மூன்றாவது ஞாயிறு

புளியரையில் எங்கள் வீட்டுப் பின்கட்டுக் குளியலறைத் தரைக்கு நானே டைல் ஒட்டுகிறேன் என்று இறங்கி இன்றோடு மூன்றாவது ஞாயிறு. மொத்தமே 20 டைல்தான், அடிக்கு அடி, சொரசொரப்பான, பளபளப்பில்லாத மேட் ரகம். போன வாரம் 12 ஒட்டியாயிற்று. மீதி எட்டையும் இன்றைக்கு முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தவன் பாதி நாள் பழைய பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

தப்பு என்னுடையதுதான். ஒரு மூலை பள்ளம். அதைத் தனியாகப் பூசி மட்டம் பண்ணாமல், டைல் ஒட்டும் சிமெண்ட் பசையையே கூடுதலாக அப்பி வைத்தேன். ரப்பர் சுத்தியலால் தட்டத் தட்ட அது இடுக்கு வழியாகப் பிதுங்கியது. மேலே பட்டதைத் துடைத்தேன், இடுக்கில் நின்றதை விட்டுவிட்டேன். சாரல் நேரம், துவைத்த துணியே மூன்று நாளாகக் காயவில்லை, இது மட்டும் எங்கே காயப் போகிறது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. சிமெண்ட் காய்ந்தா இறுகுகிறது? தண்ணீரோடு சேர்ந்துதானே இறுகுகிறது! ஈரக் குளிரில் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். காலையில் கல்.

புனலூர்ப் பக்கம் வேலைக்குப் போய்வரும் கொத்தனார் அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "எப்பா, இது மேலயே கிரவுட் போட்டா நிக்காது, பொரிஞ்சு வந்துரும்" என்றார். கிரவுட் என்பது டைல் இடுக்கை நிரப்பும் பூச்சு. டைல் கனம் 8 மி.மீ. என்றால் அதில் மூன்றில் இரண்டு பங்காவது கிரவுட் இறங்க இடம் வேண்டுமாம். எனக்கு 2 மி.மீ. கூட இல்லை.

கடையில் ஆசிட் ஊற்றச் சொன்னார்கள், மனசு வரவில்லை. இடுக்கெல்லாம் திறந்து கிடக்கிறது, ஆசிட் உள்ளே இறங்கினால் டைலைப் பிடித்திருக்கும் நல்ல பசையையும் சேர்த்து அல்லவா தின்னும். ஆகவே உடைந்த ஆக்சா பிளேடு ஒன்றில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, இடுக்கின் நடுவில் மட்டும் முன்னும் பின்னும் இழுத்தேன். ஓரத்தில் சாய்ந்தால் போச்சு, ஒரு டைலின் விளிம்பு அப்படித்தான் பெயர்ந்தது. மேட் சொரசொரப்பில் படிந்திருந்த சாம்பல் பூச்சுக்கு அம்மா தேங்காய் நாரைக் கொடுத்தாள். நனைத்துத் தேய்த்ததில் முக்கால்வாசி போயிற்று.

இன்றைய எட்டுக்கு வேறு வழி. மீதிப் பள்ளத்தை நேற்றே பூசியாயிற்று. இரண்டு டைல் ஒட்டியதும் நிறுத்தி, குச்சி ஐஸ் குச்சியால் இடுக்கை வழித்து, நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் ஒரு துடைப்பு. ஸ்பாஞ்சில் தண்ணீர் சொட்டினால் பசை கரைந்து மேலெல்லாம் படியும், முதல் ஜோடியிலேயே பட்டுக்கொண்டேன். வாளித் தண்ணீரை மூன்று முறை மாற்றினேன். எட்டுக்கும் சேர்த்துத் துப்புரவு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

கிரவுட் அடுத்த ஞாயிறு. விளிம்பு பெயர்ந்த டைல் மேல் வாளி வைத்திருக்கிறேன், வீட்டுக்காரி இன்னும் பார்க்கவில்லை.