ஒட்டகச்சிவிங்கியின் எதிரே ஒரு கதை

உயிரியல் பூங்காவில் நடக்கும் குழந்தைகள் கதை நேரத்திற்கு மகளை அழைத்துச் சென்றபோது, கதையை வீட்டிலேயே சொல்லலாமே என்ற எண்ணம் எனக்கு இருந்தது. மரநிழலில் விரித்த பாயில் அமர்ந்து கதைசொல்லி ஒட்டகச்சிவிங்கியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கையில், எதிரே நின்ற ஒட்டகச்சிவிங்கி ஏறக்குறைய 45 செ.மீ. நீளமுள்ள தன் கருத்த நாக்கை நீட்டி, உயரத்தில் கட்டியிருந்த இலைக்கொத்தை வளைத்து இழுத்ததைக் கண்டதும் அந்த எண்ணம் மாறிவிட்டது. அத்தனை நீண்ட கழுத்திலும் நமக்கு இருப்பதுபோல் 7 எலும்புகளே உள்ளன என்று அவர் சொன்னவுடன், மகள் தன் பிடரியைத் தடவி எண்ணத் தொடங்கினாள்.

இத்தகைய நிகழ்ச்சிகளைக் காலையில் வைப்பதே நல்லது. வெயில் ஏறினால் விலங்குகளும் சோர்ந்துவிடும், குழந்தைகளும் சிணுங்குவார்கள். பெற்றோர் ஒதுங்கி நின்று கைப்பேசியைப் பார்க்காமல், பாயில் உடன் அமர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அருகில் நாம் இருந்தால்தான் பிள்ளைகள் தயங்காமல் கேள்வி கேட்கிறார்கள்.

கதை முடிந்ததும் பாம்பு உரித்த சட்டையைக் கையில் கொடுத்தார்கள். இமையில்லாத அதன் கண்களை மூடியிருந்த செதில்கூட, கண்ணாடித் துண்டுபோல் அதில் அப்படியே இருந்தது. மகள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.